அமிர்திக்கு வந்த பாண்டா!

கோபி மஞ்சூரியன் சாப்பிடாம காலேஜ் முடிச்சவங்க யாராவது இருக்கீங்களா? கையைத் தூக்குங்க பார்ப்போம். ம்ஹூம்... ஒருத்தரும் இல்லை! சரி, அடுத்த கேள்வி. அந்த மஞ்சூரியன் சீனாவில் எந்த ஊர் ஸ்பெஷல்? எந்த ஊர்லயும் இல்லைங்க! 1975-ல் மும்பையில், நெல்சன் வாங் என்கிற சமையல்காரர் நம்ம ஊரு இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோட சோயா சாஸைக் கலந்து செஞ்ச அயிட்டம் அது. அவர் பிறந்தது கொல்கத்தா. முதல்ல சிக்கன் மஞ்சூரியன் வந்துச்சு, காலிஃபிளவர் எல்லாம் பின்னால வந்து சேர்ந்ததுதான்.

சீனாவைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதா நாம நினைச்சுட்டு இருக்கிறதுல பாதி இந்த மஞ்சூரியன் கதைதான். மீதிப் பாதி? செல்போன் பின்னாடி எழுதியிருக்கிற மூணு வார்த்தை, ஜாக்கி சான் சண்டை, 'ஏழாம் அறிவு' படம். நமக்கே இவ்வளவுதான்னா, மூணாம் கிளாஸ் படிக்கிற வாண்டுகளுக்கு என்ன தெரியும்? அவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம்? எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்?

இதைக் கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. எங்க காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப் ஏழு நாள், அமிர்தி பக்கத்துல ஒரு கிராமத்தில். அமிர்தி தெரியும்ல? வேலூரில் இருந்து கணியம்பாடி வழியா சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலை அடிவாரம். அருவி உண்டு, 1967-ல் ஆரம்பிச்ச சின்ன உயிரியல் பூங்கா உண்டு. காலையில் நாங்க ரோட்டோரம் குழி வெட்டணும், கன்று நடணும். சாயங்காலம் ஊர்ப் பசங்களுக்கு கிளாஸ். 'ஆளுக்கொரு நாடு'ன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. பக்கத்து குரூப்புக்கு பிரேசில், அவங்களுக்கு ஒரு ஃபுட்பால் போதும், வேலை முடிஞ்சது. எங்களுக்கு வந்தது சீனா!

புரொஜக்டர் கிடையாது. கரன்ட் எப்ப வரும், எப்ப போகும்னு தெரியாது. இருபத்தஞ்சு பசங்க, எல்லாம் 6 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும். கையால செய்ய ஏதாவது கொடுத்தா உட்காருவாங்க, வாயால பேசினா ஓடிப் போயிடுவாங்க. இந்த ஒரே ஒரு விதியை வெச்சுக்கிட்டு நாங்க என்னென்ன செஞ்சோம்னு சொல்றேன். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு சீட்டு விழலாம்!

சமையல்கட்டுல சீனா

முதல் நாள் ஹோம் ஒர்க் கொடுத்துட்டோம். 'உங்க வீட்டுல 'சீன'ன்னு ஆரம்பிக்கிற பேரு என்னென்ன இருக்கு? அம்மா, பாட்டிகிட்ட கேட்டுட்டு வாங்க.' அவ்வளவுதான். மறுநாள் லிஸ்ட்டோட வந்து நிக்குதுங்க. சீனி! சீனச்சட்டி! சீனவெடி! ஒரு குட்டிப் பொண்ணு கையில ஒரு வெள்ளைக் கல்லோட வந்தா. பாட்டி கொடுத்தாங்களாம், சீனக்காரம். அதாங்க, படிகாரம்!

'அப்போ டீ?'ன்னு நாங்க கேட்டோம். அது இங்கிலீஷ்னாங்க. அதுவும் சீனாதான்! சீனாவோட தெற்குக் கடற்கரை ஜனங்க அந்த இலையை 'தே'ன்னு சொன்னாங்க. மற்ற பக்கத்து ஜனங்க 'சா'ன்னு சொன்னாங்க. கப்பல் ஏறிப்போன 'தே' உலகம் சுத்தி டீ ஆச்சு, நம்ம தேயிலை ஆச்சு. நிலத்து வழியா நடந்துபோன 'சா' சாய் ஆச்சு, சாயா ஆச்சு. ஆக, டீக்கடையில 'ஒரு டீ'ன்னாலும் 'ஒரு சாயா'ன்னாலும் நீங்க பேசறது சீன வார்த்தைதான்! இதைச் சொன்னதும் பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்ட பார்வை இருக்கே... ரகசியமா ஒரு வேற்று மொழி பேசத் தெரிஞ்ச பெருமை அது.

ஷூ டப்பா புதிர்

இந்த ஊர்ல இருந்து நிறைய அம்மாக்கள் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போறாங்க. விடியறதுக்குள்ள கம்பெனி பஸ் வந்து நிக்கும். அப்பாக்கள் சிலர் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல்ஷாப்புல வேலை. அதனால வீட்டுக்கு வீடு ஷூ டப்பா இருக்கும். அந்த அட்டையை வாங்கி டேன்கிராம் செஞ்சோம்.

ரொம்ப ஈஸி. அட்டையில ஒரு சதுரம். அதை ஏழு துண்டா வெட்டணும். பெரிய முக்கோணம் ரெண்டு, நடுத்தர முக்கோணம் ஒண்ணு, சின்ன முக்கோணம் ரெண்டு, ஒரு சதுரம், ஒரு இணைகரம். இந்த ஏழையும் வெச்சு மீன், வீடு, பூனை, ஓடற மனுஷன்னு நூத்துக்கணக்கில் உருவம் செய்யலாம். ரெண்டே ரூல்தான். ஏழும் வந்தாகணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. சுமார் 200 வருஷத்துக்கு முன்னால சீனாவில் இது பெரிய மோகமா இருந்து, கப்பல் மாலுமிங்க மூலமா ஐரோப்பா, அமெரிக்கா வரைக்கும் போச்சு. கணக்குல 'எனக்கு வரவே வராது'ன்னு சொன்ன பையன் ஒருத்தன் இணைகரத்தைத் திருப்பிப் போட்டு ஒட்டகம் செஞ்சுட்டு, வாத்தியார் மாதிரி எங்களுக்கே விளக்கம் சொன்னான்!

'சைனா! சைனா!'

எல்லாம் நல்லாப் போயிட்டு இருக்கும்போதுதான் அது நடந்துச்சு.

எங்க குரூப்புல சிக்கிம்ல இருந்து வந்து படிக்கிற தோழி ஒருத்தி இருக்கா. முதல் நாள் ஜுரம், வரலை. ரெண்டாவது நாள் சாயங்காலம் அவ உள்ளே நுழைஞ்சதும் ஒரு பையன் எழுந்து நின்னு 'சைனா! சைனா!'ன்னு கத்தினான். இன்னொருத்தன் மூக்கைப் பொத்திக்கிட்டு 'டேய், கொரோனா!'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எட்டு வயசுப் பசங்க. யாரோ பெரியவங்க சொல்லிக் கேட்டதுதான்.

அவளுக்கு இது புதுசு இல்லை. வேலூர் பஸ் ஸ்டாண்டுல, ஹோட்டல்ல, ஏன் நம்ம கேம்பஸ்லயே கேட்டிருக்கா. வடகிழக்கு மாநில ஜனங்களை இப்படிக் கூப்பிடறது நாடு முழுக்க நடக்கிற கூத்து. 2014 ஜனவரியில் அருணாச்சலப் பிரதேசத்து மாணவர் நிடோ டானியா டெல்லியில அடிபட்டு இறந்து போனார். தோற்றத்தைக் கிண்டல் செஞ்சதுல ஆரம்பிச்ச தகராறு அது. அதுக்கப்புறம்தான் மத்திய அரசு பெஸ்பருவா கமிட்டி அமைச்சது. 2020-ல் கொரோனா வந்தப்போ அதே கிண்டல் புதுப் பேரோட திரும்பி வந்துச்சு. அந்த மார்ச்லயே மத்திய உள்துறை, வடகிழக்கு மக்களைத் துன்புறுத்தினா நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

நாங்க திட்டப் போனோம். அவ கையைக் காட்டி நிறுத்திட்டா. அந்தப் பையன் பக்கத்துல போய் உட்கார்ந்து, கத்துக்கிட்ட தமிழ்ல மெதுவா சொன்னா. 'தம்பி, நான் சைனா இல்லை. சிக்கிம். இந்தியா. ஆனா நான் சைனாவா இருந்தாலும் நீ அப்படிக் கத்தக்கூடாது. சரியா?'

அந்த ரெண்டாவது வாக்கியத்தைக் கவனிங்க பாஸ். 'அவங்க நம்ம நாட்டுக்காரங்கதாண்டா'ன்னு சொல்லி முடிச்சுக்கலாம், பிரச்னை தீர்ந்துடும். எல்லாரும் அப்படித்தான் முடிச்சுக்கறோம். அப்போ நிஜமாவே ஒரு சீனாக்காரர் வந்தா கத்தலாமா? அந்தக் கேள்வி அப்படியே நிக்குது இல்லை? 

அடுத்து அவ கேட்டாளே ஒரு கேள்வி! 'எங்க ஊர்ல பாண்டா இருக்கு. தெரியுமா உங்களுக்கு?'

கிளாஸ் கப்சிப்.

பாண்டாவுக்கு எத்தனை விரல்?

சிக்கிமின் மாநில விலங்கு செம்பாண்டா. செங்கல் நிறம், கொத்து வாலு, பூனையை விடக் கொஞ்சம் பெரிசு. சிக்கிம், அருணாச்சல், டார்ஜிலிங் மலைக்காடுகள்ல மரத்து மேல வாழும். டார்ஜிலிங் உயிரியல் பூங்காவில் அதை வளர்த்து இனப்பெருக்கம் செய்யறாங்க. இதுல விசேஷம் என்னன்னா, 'பாண்டா'ங்கற பேரே முதல்ல இதுக்குத்தான் வெச்சாங்க, 1825-ல். நாம டி.வி.யில பார்க்கிற கறுப்பு வெள்ளைப் பாண்டாவைப் பத்தி வெளியுலகத்துக்குத் தெரிஞ்சதே 1869-லதான். ஆர்மண்ட் டேவிட்ங்கற பிரெஞ்சுப் பாதிரியார் மூலமா. அண்ணன் பேரைத் தம்பி எடுத்துக்கிட்ட கதை!

ஆனா ரெண்டும் சொந்தக்காரங்க இல்லை. பெரிய பாண்டா கரடிக் குடும்பம். செம்பாண்டா தனிக் குடும்பம். சீன மொழியில பெரிய பாண்டாவை 'ஷியோங்மாவோ'ன்னு சொல்றாங்க. வார்த்தைக்கு வார்த்தை 'கரடிப்பூனை'. பசங்களுக்கு இந்தப் பேரு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அன்னிக்கு முழுக்க ஒருத்தரை ஒருத்தர் 'டேய் கரடிப்பூனை'தான்!

ரெண்டுக்கும் ஒரே ஒரு ஒத்துமை. மூங்கில் தின்னும், அதைப் பிடிக்க மணிக்கட்டுல கூடுதலா ஒரு 'விரல்' உண்டு. நிஜ விரல் இல்லை, ஒரு சின்ன எலும்பு பெரிசா வளர்ந்து கட்டைவிரல் வேலை பார்க்குது. இதை எப்படிப் பசங்களுக்குப் புரிய வைக்கறது? நாங்க செஞ்ச விளையாட்டு இதுதான். கட்டைவிரலை ஆள்காட்டி விரலோட சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டோம். இப்போ ஒரு குச்சியை எடுடான்னா எடுக்க முடியலை, நழுவுது! அடுத்து, உள்ளங்கை ஓரத்துல மணிக்கட்டுக்குப் பக்கமா ஒரு மரத்துண்டை வெச்சுத் துணியால கட்டினோம். இப்போ குச்சியை அதுக்கும் விரல்களுக்கும் நடுவுல அழுத்திப் பிடி... பிடிச்சுடுச்சு! 'ஹேய்... நான் பாண்டா!' அஞ்சு நிமிஷத்துல உடற்கூறு பாடம் ஓவர். காலேஜ்ல எங்களுக்கு யாரும் இப்படி எடுக்கலைங்க!

அடுத்தது தராசு. ஒரு பெரிய பாண்டா நாளைக்குக் குறைஞ்சது 12 கிலோ மூங்கில் தின்னும், சில சமயம் 38 கிலோ வரைக்கும். 12 கிலோன்னா எவ்வளவுன்னு காட்ட, ஊர்க்காரர் ஒருத்தர் தோட்டத்துல வெட்டின மூங்கிலை அடுக்கினோம். (காட்டுல ஒரு குச்சி கூட ஒடிக்கக் கூடாது, அது வேற பாடம்!) அவ்வளவு தின்னாத்தான் உடம்புக்குக் கொஞ்சம் சத்து ஒட்டும். கரடி வயித்தை வெச்சுக்கிட்டுப் புல்லு தின்னா அப்படித்தான். ஆமாங்க, மூங்கில் ஒரு புல்லு! ஆனா பிறக்கும்போது பாண்டாக் குட்டி வெறும் 100 கிராம்தான். தராசுல ஒரு தக்காளியை வெச்சுக் காட்டினதும் ஒரு பொண்ணு சொன்னா: 'எங்க தம்பி பிறந்தப்போ மூணு கிலோ. பாண்டா அம்மா பாவம்!' ஏன் பாவம்னு இன்னும் எங்களுக்குப் புரியலை.

காட்டுக்குள்ள ஒரு எழுத்து

நாலாவது நாள் அமிர்தி பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனோம். புள்ளிமான் பார்த்தாச்சு, மயில் பார்த்தாச்சு. 'அண்ணா, பாண்டா எங்கே?'

அமிர்தியில இல்லை, இந்தியாவுலயே பெரிய பாண்டா கிடையாது. 'ஏன்?'னு திருப்பிக் கேட்டோம். ஒரே குரல்ல பதில் வந்துச்சு. 'வெயிலு!' வேலூர்க்காரங்க பிள்ளைங்க ஆச்சே! சரியான பதிலும் அதுதான். சீனாவின் சிச்சுவான், ஷான்சி, கான்சு மாநிலங்கள்ல, குளிரும் பனிமூட்டமுமா இருக்கிற மலைக்காடுதான் அதோட வீடு. 1980-கள்ல எண்ணினப்போ காட்டுல 1,114 பாண்டாதான் இருந்துச்சு. காட்டைக் காப்பாத்தி, வேட்டையை நிறுத்தி, 2015-ல் வெளியான கணக்கெடுப்புல 1,864 ஆச்சு. 2016-ல் 'அழியும் நிலை'ங்கற பட்டியல்ல இருந்து ஒரு படி இறங்கி, 'பாதிக்கப்படக் கூடிய நிலை'க்கு வந்துச்சு. வேலை செஞ்சா பலன் கிடைக்கும்னு காட்ட இதை விட நல்ல கணக்கு கிடையாது.

அங்கேயே மரத்தடியில உட்கார வெச்சு, மண்ணுல குச்சியால எழுத வெச்சோம். சீன எழுத்துல 'மரம்' ரொம்ப ஈஸி. மேலிருந்து கீழே ஒரு கோடு, அது தண்டு. குறுக்கே ஒரு கோடு, அது கிளை. ரெண்டு பக்கமும் சாய்வா ரெண்டு கோடு, அது வேர். முடிஞ்சது, 'மு'ன்னு படிக்கணும். இதையே பக்கத்துல பக்கத்துல ரெண்டு தடவை எழுதினா 'லின்', தோப்பு. மேல ஒண்ணு, கீழ ரெண்டுன்னு மூணு மரம் எழுதினா 'சென்', அடர்ந்த காடு! எதிர்ல ஜவ்வாது மலை. ஒரு வாண்டு நிமிர்ந்து மலையைப் பார்த்துட்டு, மண்ணுல மரமா எழுதித் தள்ளிட்டான். 'என்னடா இது?' 'இவ்ளோ மரம் இருக்குதுல்ல அண்ணா, மூணு எப்படிப் போதும்?'

'அவனைப் பத்தி என்ன பாடம்?'

அன்னிக்கு ராத்திரி ஒரு அப்பா வந்தார். தோல்ஷாப்புல வேலை, வாரத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவார். கோபமா எல்லாம் இல்லை, நிதானமாத்தான் கேட்டார். 'ஏன் தம்பி, ஆர்டர் எல்லாம் சைனாவுக்குப் போவுதுன்றாங்க. வாரத்துல நாலு நாள்தான் வேலை. எல்லையில நம்ம பசங்களை அடிக்கறான். அவனைப் பத்தி எங்க பசங்களுக்கு இன்னா பாடம் நடத்தறீங்க?'

நியாயமான கேள்விங்க. 'பாண்டா க்யூட்டா இருக்கும்'னு சொல்லி சமாளிக்கிற கேள்வி இல்லை. 2020-ல் கல்வான்ல இறந்த 20 பேர்ல நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து பழனியும் ஒருத்தர். அதை மறைச்சுட்டுப் பாடம் நடத்த முடியாது.

நாங்க அவருக்கு ஒரு கதை சொன்னோம். கொல்கத்தாவில் டாங்ராங்கற பேட்டை. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஹக்கா இனத்துச் சீனர்கள் அங்கே குடியேறி ஆரம்பிச்ச தொழில் என்ன தெரியுமா? தோல் பதனிடறது! நூத்துக்கணக்கான டேனரி. ஃபாஸ்ட் ஃபுட் கடையில 'ஹக்கா நூடுல்ஸ்'னு கேக்கறோமே, அதே ஹக்காதான். 1962-ல் சீனாவோட போர் வந்தப்போ, இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த சீன வம்சாவளிக்காரங்க சுமார் 3,000 பேரை ரயில்ல ஏத்தி ராஜஸ்தான்ல தேவ்லி முகாம்ல அடைச்சாங்க. அசாம், டார்ஜிலிங், கொல்கத்தா குடும்பங்கள். கிழவர், கைக்குழந்தைன்னு வித்தியாசம் கிடையாது. சிலர் வெளியே வர 1967 ஆச்சு. அவங்க செஞ்ச குற்றம்? முகம்தான்.

அப்புறம் 1996. இந்த வருஷத்தை தோல்ஷாப் ஆட்களுக்கு நாம சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஆகஸ்ட் 28-ம் தேதி வேலூர் குடிமக்கள் நலச்சங்க வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. டேனரிக் கழிவால பாலாறு கெட்டுப்போய், சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாழானதா ஒரு ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. கெடுத்தவன்தான் செலவை ஏத்துக்கணும்னு கோர்ட் சொல்லுச்சு. அதே வருஷம் டிசம்பர் 19, அதே கோர்ட், அதே நீதிபதி குல்தீப் சிங். இந்தத் தடவை டாங்ரா சீனர்களோட டேனரிகள். ஊரை விட்டு பாந்தலாங்கற இடத்துக்கு மாறணும்னு உத்தரவு. நாலு மாச இடைவெளியில ஒரே அடி, ரெண்டு ஊருக்கும்.

அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. 'அப்போ அவங்களும் தோல்காரங்கதானா?'ன்னு மட்டும் கேட்டார். இன்னொண்ணும் சொன்னோம். பக்கத்துல செய்யாறு சிப்காட்ல இன்னிக்கு ஷூ தைக்கறது ஒரு தைவான் கம்பெனி. சீன மொழி பேசறவங்க முதலாளியா, மேனேஜரா வர்ற காலம் இது. நாளைக்கு உங்க பொண்ணு அவங்க முன்னால நின்னு அவங்க மொழியில ரெண்டு வார்த்தை பேசினா யாருக்கு லாபம்?

அவருக்கு முழுசா சம்மதமான்னு தெரியலை. வேலை நாலு நாளாத்தான் இருக்கும், எங்க பாடத்தால அது அஞ்சாகாது. ஆனா மறுநாள் காலையில பையன்கிட்ட ஒரு மூட்டை கொடுத்தனுப்பியிருந்தார். தோல் வெட்டுத் துண்டு. கறுப்பும் வெள்ளையும்!

அதுல செஞ்சதுதான் எங்க பாண்டா முகமூடி. அடிக்கு ஷூ டப்பா அட்டை, மேல வெள்ளைத் தோல், கண்ணைச் சுத்தி கறுப்பு, ரெண்டு வட்டக் காது. ஷூ கம்பெனிக்குப் போற அம்மாக்கள் ராத்திரி உட்கார்ந்து ஓரம் தைச்சுக் கொடுத்தாங்க. எங்க ஒட்டு வேலையைப் பார்த்து 'இதையெல்லாம் எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பினா ரிஜெக்ட் ஆயிடும்'னு ஒரு அம்மா சிரிச்சாங்க!

பிள்ளையார் வாகனம் ஃபர்ஸ்ட்!

ஆறாம் நாள், 12 மிருகங்கள் கதை. ஆத்தைக் கடந்து யார் முதல்ல வர்றாங்களோ அவங்க பேர்ல வருஷம்னு ஜேட் சக்கரவர்த்தி போட்டி வெச்சாராம். எலி என்ன செஞ்சது? மாட்டு முதுகுல ஏறி உட்கார்ந்து வந்து, கரை வந்ததும் குதிச்சு முதல் இடம் பிடிச்சுடுச்சு! கதை முடியறதுக்குள்ள ஒருத்தன் கத்தினான்: 'பிள்ளையார் வாகனம் ஜெயிச்சுடுச்சு!' இன்னொருத்தன், 'மாம்பழப் போட்டியிலயும் அவருதானே ஜெயிச்சாரு!' அட, எங்களுக்குத் தோணவே இல்லைங்க!

உங்க மிருகம் எதுன்னு கண்டுபிடிக்கணுமா? பிறந்த வருஷத்தை 12-ஆல் வகுங்க. மீதி 4 வந்தா எலி, 5 மாடு, 6 புலி, 7 முயல், 8 டிராகன், 9 பாம்பு, 10 குதிரை, 11 ஆடு, மீதியே இல்லைன்னா குரங்கு, 1 சேவல், 2 நாய், 3 பன்றி. 2005-ல் பிறந்தவங்க சேவல், 2006 நாய். (ஜனவரி, பிப்ரவரியில பிறந்தவங்க ஜாக்கிரதை! சீனப் புத்தாண்டு அப்போதான் வரும், அதுக்கு முன்னாடி பிறந்திருந்தா போன வருஷத்து மிருகம்.) இந்த 12 மிருகமும் இன்னொரு பத்துக் கணக்கும் சேர்ந்து சுத்தி முடிய 60 வருஷம். பிரபவ முதல் அட்சய வரைக்கும் நம்ம தமிழ் வருஷம் எத்தனை? அதே 60! அடுத்த கேம்ப்ல இந்த ஒரு கணக்கை வெச்சே ஒரு சாயங்காலத்தை ஓட்டலாம்.

கடைசி நாள் ஊர்க்காரங்க முன்னால இருபத்தஞ்சு பாண்டாக்கள் மேடை ஏறுச்சு. ரெண்டாம் நாள் 'சைனா'ன்னு கத்தினான்ல, அவன்தான் செம்பாண்டா. எங்க தோழியே அவனுக்குச் செங்கல் நிறத்துல முகமூடி செஞ்சு கொடுத்திருந்தா. மைக்கைப் பிடிச்சு, 'நான் சிக்கிம். என் பேரைத்தான் அவன் எடுத்துக்கிட்டான்'னு பெரிய பாண்டாவைக் கை காட்டினான் பாருங்க, கைதட்டல் அடங்க நேரமாச்சு. அந்தப் பையன் இனிமே யாரையும் கிண்டல் செய்ய மாட்டான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஏழு நாள்ல அவ்வளவு நடந்துடாது. ஆனா 'சைனா'ங்கற வார்த்தை அவன் வாயில வரும்போது கூடவே டேன்கிராமும், தக்காளி சைஸ் குட்டியும், மண்ணுல எழுதின காடும், டாங்ரா தோல்காரங்களும் வந்து நிப்பாங்க. வெறும் கிண்டலா மட்டும் வராது.

இப்போ உங்களுக்கு

நாம ஒண்ணும் புதுசா உறவு கொண்டாடலை. சோழர்கள் அனுப்பின தூது சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது 1015-ல். சீனாவோட சுவான்சோ துறைமுகத்துல தமிழ் வணிகர்கள் சிவன் கோயிலே கட்டியிருந்தாங்க, 1281-ம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைச்சிருக்கு. சீனத் தளபதி செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்த, 1409-ம் வருஷத் தேதி போட்ட ஒரு கல், 1911-ல் காலியில கிடைச்சது. இப்போ கொழும்பு மியூசியத்துல இருக்கு. அதுல சீன மொழியில புத்தருக்கும், தமிழ்ல தெனாவரை நாயனார்ங்கற நம்ம பெருமாளுக்கும், பாரசீகத்துல அல்லாவுக்கும் காணிக்கை எழுதியிருக்கு. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய்னு மூணு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு! 600 வருஷத்துக்கு முன்னால ஒரு படைத்தளபதிக்கு, போற ஊர்ல யார் யார் இருக்காங்க, யாரை எந்த மொழியில வணங்கணும்னு தெரிஞ்சிருக்கு.

நம்ம ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்ல மணிப்பூர்ல இருந்தோ மிசோரம்ல இருந்தோ ஒருத்தர் இருப்பார். அவர் ஊர்ல சோறு எப்படி, திருவிழா எப்படி, அவர் மொழியில 'சாப்பிட்டியா'வுக்கு என்ன வார்த்தைன்னு நமக்குத் தெரியுமா? மெஸ் க்யூவில் நிக்கும்போது கேட்டுப் பாருங்க. செலவு கிடையாது, ஷூ டப்பா கூடத் தேவையில்லை.

உங்க காலேஜ் கேம்ப்புக்கும் இந்த மாதிரி ஒரு சீட்டு விழுந்தா, அட்டை, கத்தரிக்கோல், ரப்பர் பேண்ட், ஒரு தராசு, ஒரு தக்காளி எடுத்துக்குங்க. மீதியைப் பசங்க பார்த்துப்பாங்க. தக்காளி மட்டும் ரெண்டா எடுத்துட்டுப் போங்க. எங்க 'பாண்டாக் குட்டி'யை அன்னிக்கு ராத்திரியே எவனோ ரசத்துல போட்டுட்டான்!